நெகட்டிவ எங்கிட்டக் குடுத்துரு

கேனனெட் கியூஎல்17 ஜி3 என்பது அதன் முழுப்பெயர். எங்கள் வீட்டில் ‘சிங்கப்பூர் கேமரா’ என்றால்தான் தெரியும். பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. 1975-இல் விடுமுறைக்கு வந்தபோது டேப் ரெக்கார்டர், நைலக்ஸ் சேலைகள், கோடாலித் தைலம் இவற்றோடு அதுவும் வந்து இறங்கியது. கேனன் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட மாடல். 40 மில்லிமீட்டர் லென்ஸ், கழற்றி மாற்ற முடியாது. எடை 620 கிராம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் தோள்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் இடம் போதும்.

பெரியப்பா இறந்த பிறகு பல வருடங்கள் அது பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வீட்டு ஆண்பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. “நீ வேணா எடுத்துக்கோட்டி, சும்மாதான கெடக்கு” என்று பெரியம்மா கொடுத்தபோது எனக்கு 36 வயது. அதுவரை எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்கூட அதன் பட்டனை அமுக்கியதில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் துடைத்து வைப்பது. அதை ஒழுங்காகச் செய்திருந்தாள். லென்ஸில் பூஞ்சை இல்லை.

பெரியப்பா நல்ல படங்கள் எடுத்திருக்கிறார், அதை மறுக்க மாட்டேன். தாமிரபரணியில் குதிக்கும் பையன்கள், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் மாமாக்கள், தேர் திரும்பும் தெருமுனை. பெண்கள் வரும் படங்கள் மட்டும் வேறு மாதிரி. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு. எல்லாவற்றிலும் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தி கையிலும் ஒரு வேலையும் இல்லை. வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாதவர்களை போட்டோவில் மட்டும் சும்மா நிற்க வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் படங்களைத் தனியாக எண்ணிப் பார்த்தேன். 64 வயதுக்கு ஒன்பது படங்கள். கல்யாணத்தில் இரண்டு. அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் முகம் பாதி வெட்டுப்பட்டு ஒன்று. ரேஷன் கார்டு, பீடித் தொழிலாளர் அட்டை, வாக்காளர் அட்டைக்காக ஒவ்வொன்று. மீதி மூன்றும் யார் யாருடைய கல்யாணக் கூட்டத்திலோ. ஆனால் அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரேக்கள் பதினொன்று இருக்கின்றன. பதினேழு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். புகையிலைத் தூள் பறக்கும் வாசல்படிதான் அவள் தொழிற்சாலை. அம்மாவை அதிகம் படம் எடுத்தது ஆஸ்பத்திரிதான். அங்கேயும் ஒன்றுதான் சொல்வார்கள்: அசையாம நில்லுங்க.

எக்ஸ்ரேக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் உறவு நெருக்கமானது. இரண்டிலும் வேலை செய்வது வெள்ளி உப்புகள்தான். ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இருந்தது. 1960-இல் தொடங்கி 1967 முதல் உற்பத்தி செய்தது. ‘இந்து’ என்பது அவர்களுடைய பிராண்டு. நிலா என்று அர்த்தம். வெள்ளிக்குப் பொருத்தமான பெயர். கேமராவுக்கான ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே தயாராயின. நான் கேமராவைக் கையில் எடுத்த காலத்தில் அந்த ஆலை மூடிக் கிடந்தது. இப்போது நான் வாங்குவது இங்கிலாந்திலிருந்து வரும் இல்ஃபோர்ட் எச்பி5. 36 படம் எடுக்கும் ஒரு ரோல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அம்மா நான்கு நாள் பீடி சுற்றினால் கிடைக்கும் பணம். ஒரு காலத்தில் ஊர் ஸ்டுடியோவில் ஏழை பாழைக்கும் எட்டிய கறுப்பு வெள்ளை, இன்று சம்பளக்காரர்கள் ஆசைக்குச் செய்வதாகிவிட்டது. அரசுப்பள்ளி ஆசிரியை வேலை இல்லையென்றால் நானும் இதைத் தொட்டிருக்க முடியாது.

கேமரா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் பேட்டரி வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பாதரச பேட்டரி போட்டார்கள், 1.35 வோல்ட். பாதரசம் விஷம் என்பதால் அது இப்போது தயாரிப்பில் இல்லை. அதற்கு மிகப் பக்கத்தில் வருவது காது மெஷினுக்குப் போடும் 675 எண் பேட்டரி, 1.4 வோல்ட். எங்கள் ஆச்சி, அப்பாவின் அம்மா, அதே எண்ணைத்தான் காதில் போடுகிறாள். அளவு கொஞ்சம் சின்னது. சுற்றி ஒரு ரப்பர் வளையம் கொடுத்தால் கேமராவில் சரியாக உட்கார்ந்துகொள்கிறது. அட்டையில் ஆறு இருக்கும். ஐந்து ஆச்சிக்கு, ஒன்று எனக்கு. கேமராவில் பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். ஒளி அளக்கும் மீட்டர் மட்டும்தான் நிற்கும். ஆச்சிக்கு அப்படி இல்லை, அதனால் அவளுக்குத்தான் முன்னுரிமை. பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த பஞ்சு பிசுபிசுவென்று உருகிப்போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு உல்லன் நூலை ஒட்டினேன். அவ்வளவுதான் ரிப்பேர்.

இந்த வகைக் கேமராவை ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். நான் பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்துகிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் நகர முடியாது. முன்பக்கம் லென்ஸுக்கு மேலே இரண்டு ஜன்னல்கள் இருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. கண் வைத்துப் பார்ப்பது பெரிய ஜன்னல் வழியாக. சின்ன ஜன்னலில் விழும் பிம்பத்தை உள்ளே இருக்கும் கண்ணாடிகள் கொண்டுவந்து நடுவில் ஒரு மஞ்சள் கட்டத்தில் காட்டும். அதனால் பார்க்கிற முகத்துக்கு அந்தக் கட்டத்துக்குள் இரண்டு மூக்கு, நான்கு கண். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் நகர்ந்து மற்றொன்றின்மேல் வந்து உட்காரும். இரண்டும் ஒன்றானால் தூரம் சரி. நம் இரண்டு கண்களும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க உள்நோக்கித் திரும்புமே, அதே முக்கோணக் கணக்குத்தான்.

பெண்களைப் படம் எடுக்கிறவளுக்கு இந்த அமைப்பில் இரண்டு விஷயங்கள் உதவின. ஒன்று, லென்ஸ் வழியாகப் பார்க்காததால் உள்ளே மேலும் கீழும் அடிக்கும் கண்ணாடி கிடையாது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இலைபோல விரிந்து மூடும். சத்தம் வளையல் உரசினாற்போல இருக்கும். இரண்டாவது, படம் விழும் நொடியிலும் எனக்கு எதிரில் இருப்பவள் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். அவளுக்கும் என் இடது கண்ணும் பாதி முகமும் தெரியும். பெரிய கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற வசதி இதில் இல்லை. அவள் முகம் சுளித்தால் எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும்.

எங்கள் வளவில் பீடி சுற்றும் பெண்கள் எல்லாரும் வாசல்படியில்தான் உட்காருவார்கள். காற்றுக்காக என்று சொன்னாலும் வெளிச்சத்துக்காகத்தான். மின்சாரம் வராத காலத்திலிருந்து வந்த பழக்கம். மடியில் சுளகு, பக்கத்தில் நனைத்த இலைக்கட்டு, கத்தரி, நூல். வாசல்படி வெளிச்சம் போட்டோவுக்கும் அருமையான வெளிச்சம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும், சூரியன் நேராகப் படாது. எச்பி5-ஐப் போட்டு, ஷட்டரை நொடியில் அறுபதில் ஒரு பங்கில் வைத்தால் போதும். சாயங்காலம் முப்பதில் ஒரு பங்கு. விரல்கள் அதைவிட வேகமாக ஓடினால் விரல் மட்டும் கலங்கி விழும். அந்தக் கலங்கலை நான் சரிசெய்ய முயல்வதில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற விரல் அசையாமல் தெரிந்தால்தான் பொய்.

இனி கறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் நிறைய நாள் பிடித்தது.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்குத் தெரிந்த உலகம் ஒரே சாம்பல் நிறம். தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். எதைக் காட்டினாலும் அதை அந்தச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். அம்மாவின் முகத்தை மட்டும் காட்டினால், இருட்டாக இருக்கிறது என்று நினைத்து ஒளியை அள்ளிக் கொட்டி வெளுத்துவிடும். அவள் பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால், அதற்குப் பயந்து ஒளியைக் குறைக்கும். அம்மா முகம் கண்ணும் மூக்கும் இல்லாத கறுப்புத் துண்டாகிவிடும். பெரியப்பாவின் ஆல்பத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், வெள்ளைச் சுவருக்கு முன்னால் பல்லும் கண்ணும் மட்டுமாக. “அத்தை கறுப்பு, அதான் விழல” என்பார்கள். அத்தையின் நிறத்தில் கோளாறு இல்லை, அளவு எடுத்த இடத்தில்தான் கோளாறு.

நான் என் உள்ளங்கையில் அளவு எடுக்கிறேன். மனிதர்கள் எந்த நிறமானாலும் உள்ளங்கை நிறத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஏறத்தாழ அந்தச் சாம்பலைவிட ஒரு படி வெளுப்பு. படம் எடுக்கப்போகிறவள் முகத்தில் என்ன வெளிச்சம் விழுகிறதோ அதே வெளிச்சத்தில் என் கையை நீட்டி, பட்டனைப் பாதி அமுக்கினால், கேனனெட் உள்ளே முள்ளை நகர்த்தி ஒரு எண் காட்டும். 5.6 என்று காட்டினால் நான் 4-க்குத் திருப்பிவைத்துக்கொள்வேன். அதன் பிறகு பின்னால் சுவர் வெள்ளையா, கட்டியிருக்கும் சேலை கறுப்பா என்ற கவலை இல்லை. முகம் அதன் நிறத்திலேயே விழும். கறுப்பாக, ஆனால் கன்னத்துக்கும் கண்குழிக்கும் கழுத்து மடிப்புக்கும் தனித்தனிக் கறுப்பாக.

ஊர் ஸ்டுடியோக்கள் இதை வேறு வழியில் சமாளித்தன. கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா வைத்த ஒரு மேசை எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் பவுடர் இரண்டு தரம். அதன் பிறகும் போதாதென்று நெகட்டிவின்மேல் பென்சிலால் மெல்லத் தீற்றுவார்கள். நெகட்டிவில் கறுப்பது பிரிண்டில் வெளுக்கும். நுணுக்கமான கைவேலை, அதில் சந்தேகமில்லை. அந்தத் திறமை முழுக்க ஒரே திசையில் போனது. எங்கள் ஊரில் எத்தனை பெண்களின் அடையாளமாக எஞ்சியிருப்பது அந்தப் பென்சில் போட்ட முகம்தான்! லென்ஸின் முன் மாட்டும் ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்களும் தோலை வெளுப்பாகக் காட்டும். வானத்தைக் கறுப்பாக்க மற்றவர்கள் அவற்றை மாட்டுவார்கள். எனக்கு வானம் அவ்வளவு அவசரமில்லை.

ரோல் முடிந்ததும் கழுவுவது வீட்டில்தான். வெளிச்சம் புகாத பைக்குள் கையை விட்டு, தடவித் தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றி டேங்குக்குள் வைத்து மூடிவிட்டால் அப்புறம் விளக்கு போட்டுக்கொள்ளலாம். டி-76 என்ற டெவலப்பரில் எச்பி5-க்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று கணக்கு. 20 டிகிரி யாருடைய ஊர்த் தண்ணீர் என்று தெரியவில்லை. சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. பேசினில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் பாட்டில்களை நிறுத்தி, பால் காய்ச்சுகிறவள்போலப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதற்கு ஆண் நண்பர்கள் இணையத்தில் எழுதும் நீளமான விளக்கங்களைப் படித்திருக்கிறேன். தினமும் மோர் புளிக்காமல் பார்த்துக்கொள்கிற எந்தப் பெண்ணும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிற வேலைதான் இது. டெவலப்பர் கிடைக்காத ஒரு மாதம் இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி பொடி மூன்றையும் கரைத்துக் கழுவினேன். படம் வந்தது. வாடைதான் இரண்டு நாள் போகவில்லை. அதன் பிறகு ஹைப்போ, பிறகு தண்ணீர், பிறகு துணி கிளிப் மாட்டி பாத்ரூம் கொடியில்.

பிரிண்ட் போட என்லார்ஜர் வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு ஸ்டுடியோக்காரர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நன்றாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, பல்பு எரிகிறதா என்று காட்டிவிட்டு, “உங்க வீட்டுக்காரருக்கா?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதை ஆட்டோவில் ஏற்றும்வரை மாட்டும் விதத்தை ஆட்டோக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஹோமாய் வியாரவாலாவின் ஞாபகம் வந்தது. 1913-இல் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் அவருடைய கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. 1947 ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தையும் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் படம் எடுத்தவர், கணவர் இறந்த மறு வருடம், 1970-இல், கேமராவை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். 2011-இல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள், அடுத்த வருடம் இறந்தார். அந்த நாற்பது வருடங்களைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

அம்மாவின் படத்தை முதலில் பிரிண்ட் போட்ட இரவு அவளையும் பாத்ரூமுக்குள் கூட்டிக்கொண்டேன். ஆச்சி தூங்கிய பிறகு, பத்தரை மணிக்கு. சிவப்பு பல்பு. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். படம் அவள் பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது எடுத்தது; பவுடர் கிடையாது, தலை வாரவில்லை, நூலைப் பல்லில் கடித்திருக்கிறாள். வெள்ளைத் தாளை டெவலப்பர் தட்டில் அமிழ்த்தி ஆட்டினேன். அரை நிமிடத்தில் தலைமுடியும் கண்ணும் வந்தன. பிறகு கன்னம், பிறகு சேலைக் கரை.

“ஏட்டி” என்றாள் அம்மா. “இது எங்கம்மைல்லா!”

அவளுடைய அம்மா, நான் பார்க்காத ஆச்சி, ஒரு படம்கூட இல்லாமல் செத்துப்போனவள். அந்த முகம் எப்படி இருந்தது என்று அம்மா சொன்னால் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. தாளை எடுத்து ஹைப்போவில் போட்டேன். அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “நல்ல கறுப்பாத்தான் இருந்துருக்கோம்” என்றாள், தன்னையும் சேர்த்து.

அந்தப் பிரிண்ட் வளவில் சுற்றியது. ஒவ்வொருத்தியாகக் கேட்டு வந்தார்கள். அப்படித்தான் சித்தியும் வந்தாள். ரத்த உறவு இல்லை, எதிர்வீடு. சின்ன வயதிலிருந்து சித்தி என்று கூப்பிட்டுப் பழக்கம்.

“இதுல எடுத்தா போன்ல போவாதா?”

“போகாது சித்தி. கழுவுற வரைக்கும் நானே பாக்க முடியாது.”

“கழுவுன பெறகு?”

“நெகட்டிவ் இருக்கும். அதுல இருந்து எத்தன வேணும்னாலும் போடலாம்.”

கொஞ்ச நேரம் இலை வெட்டினாள். “அப்ப நெகட்டிவ எங்கிட்டக் குடுத்துரு.”

அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் வைத்திருந்த முகப்படத்தை எடுத்து யாரோ உடம்போடு ஒட்டிச் சுற்றவிட்டார்கள். அவள் பள்ளிக்கு வருவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சுற்றவிட்டவன் வந்துகொண்டிருந்தான். முகப்படத்துக்கே இந்தக் கதி என்றால், கொஞ்சம் மனம்போல இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டால் யாரிடம் போவது? 1892-இல் ஹைதராபாத்தில் ராஜா தீன் தயாள் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ ஒன்று திறந்தார். கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதைப் பார்த்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களைப் பெண்ணே படம் எடுப்பதற்கு. உயர்குடிப் பெண்களுக்குக் கிடைத்த ஏற்பாடு. 130 வருடம் கழித்து எதிர்வீட்டுச் சித்தி என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான். ஒரு படி கூடுதலாகவே கேட்டாள்: எடுக்கிறவள் பெண்ணாக இருந்தால் மட்டும் போதாது, படமும் தன் கைக்கு வந்துவிட வேண்டும்.

கொடுக்கிறேன் என்றேன். பிரிண்டை யாராவது போனில் படம் பிடித்தால் நெகட்டிவ் கையில் இருந்தும் பயனில்லை என்பதையும் சொன்னேன். “அது எம் பாடு” என்றாள்.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்தது. சித்தி எழுந்துபோய் வாசல் கதவைப் பாதி சாத்தினாள். வெளிச்சம் இன்னும் நன்றாக ஆனது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குச் சுற்றியதிலிருந்து ஒரு பீடியை எடுத்து, அடுப்புத் தீப்பெட்டியில் பற்றவைத்தாள்.

“நாப்பது வருசமா சுத்துதேன். ஊரெல்லாம் இழுக்கான். பல்லு வலிக்குன்னு நான் ரெண்டு இழுப்பு இழுத்தா மட்டும் குத்தம். எடு.”

புகையிலையின் தீமையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். அம்மாவின் பதினொரு எக்ஸ்ரேக்களையும் பத்திரமாக வைத்திருப்பவள் நான்தான். சித்திக்கும் அது தெரியும். அன்றைக்கு அங்கே பேச்சு அதைப் பற்றியதில்லை. உள்ளங்கையை நீட்டி அளந்தேன். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு சித்தி, இரண்டு நெருப்பு. வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினேன். அவள் புகையை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். ரோலில் அது 23-ஆவது படம். ஒன்றுதான் எடுத்தேன். இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, “எதுக்கு, ஒண்ணு போதும்” என்றாள்.

கழுவிக் காய்ந்த பிறகு ஃபிலிமை ஆறு ஆறு படமாக வெட்டித் தாள் உறைகளில் வைப்பது வழக்கம். நடுவில் ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுக்க எந்தப் புகைப்படக்காரருக்கும் கை வராது. தனித்துண்டை என்லார்ஜரில் மாட்டுவது கஷ்டம், கீறல் விழும், தொலையும். பிரிண்ட் ஒன்று போட்டேன். பிறகு 22-க்கும் 24-க்கும் நடுவில் கத்தரி வைத்தேன். சித்தியிடம் இரண்டையும் கொடுத்தேன். பிரிண்டை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். நெகட்டிவ் துண்டைத்தான் ஜன்னலுக்கு நேரே தூக்கிப்பிடித்து நெடுநேரம் பார்த்தாள். நெகட்டிவில் கறுப்பு முகம் வெளுப்பாகத் தெரியும், வெள்ளைப் புகை கறுப்பாகத் தெரியும்.

“பாத்தியாட்டி, இதுல நான் செவப்பா இருக்கேன்” என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். “புகைதான் கறுத்துப் போச்சு.”

எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, “எழுது. பேரப் போடாத, படத்தக் காட்டாத” என்றாள். காட்ட என்னிடம் படம் இல்லை. நான் இதுவரை எடுத்ததில் சிறந்த படம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

விவியன் மையர் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். சிகாகோவில் பணக்கார வீடுகளில் குழந்தை பார்த்துக்கொண்டே, வாழ்நாள் முழுக்கத் தெருக்களைப் படம் எடுத்தவர். யாருக்கும் காட்டவில்லை. நூற்றுக்கணக்கான ரோல்கள் கழுவாமலே கிடந்தன. பொருட்களை வைத்திருந்த கிட்டங்கிக்கு வாடகை கட்ட முடியாமல் 2007-இல் எல்லாம் ஏலத்துக்குப் போயின. 2009-இல் இறந்தார். இன்று உலகம் முழுக்கக் கண்காட்சி, புத்தகம், ஆவணப்படம். நானும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நிறையக் கற்றேன். பார்க்கும்போதெல்லாம் அனுமதி கேட்காமல் ஒருத்தியின் பீரோவைத் திறந்தாற்போல இருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் படம் எடுத்த மனிதர்களையும் கேட்டிருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு என் நெகட்டிவ் உறைகளின் மேல் தேதிக்குப் பதிலாகப் பெயர் எழுத ஆரம்பித்தேன். யாருடைய முகமோ அவர்கள் பெயர். கீழே, கேட்டால் கொடுக்க வேண்டியது, கேட்காவிட்டால் அம்மாவிடம், கொளுத்திவிடச் சொன்னது என்று அவரவர் சொன்னபடி. வளவில் பதினான்கு பேர் இதுவரை சொல்லியிருக்கிறார்கள். இருவர் கொளுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி தன் மகள் படித்து முடித்த பிறகு ஊர் முழுக்க ஒட்டச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மாவின் உறையில் அவளே தன் கையெழுத்தில் ‘யோசிச்சு சொல்றேன்’ என்று எழுதிவைத்திருக்கிறாள், மூன்று வருடமாக.

உறைகள் பீரோவில், கேமரா இருந்த அதே தட்டில். ஈரம் படாமல் இருக்க அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருதரம் மாற்ற வேண்டும். அண்ணன் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சாவி எங்கே இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் எல்லா உறைகளையும் எடுத்து வெயிலுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் உறையில் 22-க்கும் 24-க்கும் இடையில் எதுவும் இல்லாததைக் கண்டு, “அத்தே, இதுல ஒண்ணக் காணோம்” என்றாள்.

“காணாமப் போகல. எதிர்வீட்ல இருக்கு” என்றேன்.